ஒழுகாத கூரை

மூன்றாவது தடவையாக அந்த டிரெய்லரின் மேல் ஏறி நின்றபோது, தனக்குக் கோபம் பஸ் டிரைவர் மேலா, தன் மேலேயா என்று கூரையக்காவுக்குப் பிடிபடவில்லை.

காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற டிரெய்லர் வீடுகளைப் பழுது பார்ப்பது அவள் தொழில். பதினாறு வருடமாகச் செய்கிறாள். கதவு, அச்சு, தண்ணீர்க் குழாய் என்று எல்லாம் பார்ப்பாள். ஆனாலும் கூரை வேலையில் அவள் கை தனி, அதனால்தான் அந்தப் பெயர். ஊருக்கு வெளியே, சரக்கு ரயில் பாதையை ஒட்டி, முப்பது முப்பத்தைந்து டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும் வளாகம் ஒன்று உண்டு. பாதிப் பேர் நிரந்தரமாகவே அங்கே குடியிருந்தார்கள். யார் வண்டியில் என்ன கோளாறு என்றாலும் அங்கிருந்த மேனேஜரம்மா இவளைத்தான் கூப்பிடச் சொல்வார். "அவ கை பட்ட கூரை ஒழுகாது" என்று அவர் சொல்லிச் சொல்லி, கடைசியில் கூரையக்காவும் அதை நம்பிவிட்டிருந்தாள்.

பஸ் டிரைவரின் டிரெய்லர் பதினெட்டு அடி நீளம். மனைவி இறந்தபின் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு வருடமாக அதில் தனியாக இருந்தார். அதிகம் பேசாத மனிதர். இவளைவிட நாலு வயது பெரியவர்தான். ஆனால் ஊரே கூப்பிடுகிறதே என்று அவரும் "அக்கா" என்பார். இவள் "அண்ணே" என்பாள். இருவரில் யார் மூத்தவர் என்பது அந்த வளாகத்தில் யாருக்கும் தெரியாது.

குளிர் தொடங்கியதும் அவர் முதல் தடவை கூப்பிட்டார். படுக்கைக்கு மேலே சொட்டுகிறது என்றார். கூரைத் தகட்டின் இணைப்புகளையெல்லாம் சுரண்டிச் சுத்தம் செய்து நீர் புகாத சீலன்ட் பசையைப் புதிதாகப் பூசினாள். தரையோரம் கம்பி வலை போட்ட இரண்டு சின்ன ஓட்டைகள் கண்ணில் பட்டன. மழைச் சாரல் இதன் வழியாகவும் வரும் என்று அவற்றையும் அடைத்துவிட்டுப் போனாள். மூன்று வாரத்தில் மறுபடி அழைப்பு. ஹோஸ் குழாயை மேலே பிடித்து ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. "சமைக்கிற ஆவியா இருக்கும்ணே, துடைச்சுவிடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

இன்று மூன்றாவது தடவை. கூரை கல் மாதிரி இருந்தது. எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லை. ஏணியிலிருந்து இறங்கி, காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அந்த வண்டியில் அவள் இதுவரை செய்யாமல் விட்ட காரியத்தை, அதாவது உட்கார்ந்து நிதானமாக அண்ணாந்து பார்ப்பதை, அன்றுதான் செய்தாள்.

ஒழுகல் என்றால் கூரைப் பலகையில் காப்பிக் கறை மாதிரி ஒரு வட்டம் விழும். இங்கே அப்படி இல்லை. ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கருப்புக் கோடுகள், ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஓடின. கூரைக்குள் இருக்கும் அலுமினியச் சட்டங்களின் இடம் அது. சட்டங்களுக்கு நடுவே தெர்மாகோல் பலகை உண்டு. சட்டத்தின் மேல் எதுவும் கிடையாது. வெளிக் குளிர் அதன் வழியாகவே உள்ளே இறங்கும். விரலால் பலகையை அழுத்தினாள். டீயில் நனைந்த பிஸ்கட் மாதிரி உள்வாங்கியது. மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். அடிப்பக்கம் முழுக்கப் பூஞ்சை.

கூரையின் நடுவில் காற்றுப் போகும் வென்ட் இருந்த இடத்தில் வெளிச்சமே வரவில்லை. மேல் மூடி சாத்தியிருந்தது. உள்பக்கம் பழைய மெத்தை ஸ்பாஞ்சை அளவாக வெட்டித் திணித்து, பாலிதீனால் மூடி டேப் ஒட்டியிருந்தது. ஓரம் பிசிறில்லாமல், நல்ல நேர்த்தியான வேலை.

"இது யார் செஞ்சது?"

"நான்தான்க்கா. குளிருதுன்னு."

"தண்ணி மேலேருந்து வரலண்ணே. உள்ளேருந்து வருது. தூங்குற ஆளு ஒரு ராத்திரிக்கு ஒரு டம்ளர் தண்ணியை மூச்சா வெளிய விடுறாரு. அதுக்குப் போக வழியில்ல. ஜில்லுன்னு இருக்கற சட்டத்துல போய் ஒட்டிச் சொட்டுது."

டிரைவர் தலையாட்டினார். அவளுக்கு மனம் சமாதானமாகவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரா இந்த மெத்தையை இப்படி நாசம் செய்யும்? பையிலிருந்து ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரை எடுத்து அலமாரியில் வைத்தாள். மணிக்கொரு தடவை எவ்வளவு ஈரம் என்று அதுவே குறித்து வைத்துக்கொள்ளும். நாலு நாள் இருக்கட்டும் என்றாள்.

"படம் எடுக்குமா?" என்று கேட்டார் டிரைவர்.

அவர் ஜோக்கடிக்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

நாலாம் நாள் அவரே மீட்டரைக் கொண்டுவந்து வாசல் கேட்டில் கொடுத்துவிட்டுப் போனார். தன் வேனில் உட்கார்ந்து கணக்கைத் தட்டிப் பார்த்த கூரையக்கா, மீட்டர் கெட்டுப்போய்விட்டதோ என்று இரண்டு தடவை அதை உதறினாள். தினமும் காலை ஒன்பது மணிக்கு ஈரம் ஏற ஆரம்பித்து, பதினொன்றுக்குத் தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டது. மதியம் மறுபடி ஒரு ஏற்றம். டிரைவருக்கோ காலை ஐந்து முதல் இரண்டு வரை டியூட்டி. ஆள் இல்லாத வண்டி எப்படி மூச்சு விடும்? எப்போது வரலாம் என்று கேட்டாலும் "ரெண்டு மணிக்கு மேல வாங்க, போன் பண்ணிட்டு வாங்க" என்று அவர் சொல்வது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அடுத்த வரிசையில் ஒரு படிக்கட்டு வேலை இருந்தது. அதை முடித்துவிட்டுப் பத்து மணிக்கு டிரைவர் வண்டியின் கதவைத் தட்டினாள். சத்தமில்லை. பிறகு துணியை வாயில் வைத்து அமுக்கிய ஒரு இருமல் கேட்டது.

"நான் கூரை வேலை பார்க்கறவ. தனியாத்தான் வந்திருக்கேன்" என்றாள் கதவைப் பார்த்து.

"வேலை பார்க்கறவதான். மூணு தடவை பார்த்தும் சரியாகலையே" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. கதவும் திறந்தது.

டிரைவரின் மாமியார். அறுபத்தைந்து வயதிருக்கும். தலைமுடியை இறுக்கி முடிந்து, கழுத்துவரை பொத்தான் போட்ட ஸ்வெட்டரில் நின்றார். அவருக்குப் பின்னால் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகக் கயிறு கட்டி ஈரத் துணிகள் தொங்கின. மாமனார், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, கொதிக்கிற பாத்திரத்தின் மேல் குனிந்து ஆவி பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி ஜன்னல்களில் தண்ணீர் கோடு கோடாக வழிந்தது.

கூரையக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அவர்கள் குடியிருந்த கட்டடத்தை விற்றுவிட்டார்கள். மூன்று மாதமாகிறது. போக இடமில்லை. மாப்பிள்ளை வந்து, எதுவும் கேட்காமல் பெட்டிகளைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் வளாகத்தின் விதி, ஒரு வண்டிக்கு இரண்டு பேர்தான். அதனால் பெரியவர்கள் இருவரும் பகலெல்லாம் ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் உள்ளேயே இருந்தார்கள். கூரையக்கா வருகிறேன் என்று போன் செய்த நாட்களில் மட்டும், துணிகளைச் சுருட்டிக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் போய் உட்கார்ந்திருப்பார்கள். படுக்கை அவர்களுக்கு. மாப்பிள்ளை இந்தப் பெஞ்சில் காலை மடக்கிக்கொண்டு படுப்பார்.

"மக இருந்தப்பக்கூட நாங்க மாப்பிள்ளை வீட்ல ரெண்டு நாளைக்கு மேல தங்கினதில்ல. இப்ப பாரு, அவர் தும்மினா எனக்குச் சாரல் அடிக்குது" என்றார் மாமியார்.

"அம்மா, அந்த ஸ்பாஞ்சை நீங்கதானே வச்சீங்க? வெட்டு அவ்வளவு நேரா இருந்துச்சு."

"நாப்பது வருஷம் தையல் கடையில கட்டிங். கோணலா வெட்டத் தெரியாது."

"அதை எடுக்கணும்மா. குளிர்னா ஹீட்டர் போட்டுக்கலாம்."

மாமியார் கொஞ்சம் தயங்கினார். "குளிருக்கு மட்டுமில்ல. இவர் இருமினா அது வழியா வெளியில கேட்கும். துணியும் அப்படித்தான். வெளிய காயப்போட்டா, தனியாள் வண்டில பொம்பளைத் துணி எப்படி வந்துச்சும்பாங்க."

கூரையக்காவுக்கு எல்லாம் விளங்கியது. பூஞ்சையால் இருமல், இருமலுக்கு ஆவி, ஆவியால் பூஞ்சை. வெளியே தெரியக்கூடாது என்று அடைத்ததெல்லாம் உள்ளே அழுகிக்கொண்டிருந்தது. அதில் தன் பங்கும் இருப்பதை நினைத்தபோது அவளுக்கு முகம் சுட்டது. தரையோர ஓட்டைகள் சாரல் வருவதற்கல்ல, காற்று வரத்தான். பதினாறு வருட அனுபவக்காரி, யோசிக்காமல் அடைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"கீழே ரெண்டு காத்து ஓட்டை இருந்துச்சும்மா. அதை நான்தான் அடைச்சேன். என் தப்பு."

மாமனார் துண்டை விலக்கி முதன்முறையாக வாயைத் திறந்தார். "அப்ப மேல இவ அடைச்சா, கீழ நீ அடைச்சே. நடுவுல நான் வெந்துகிட்டிருக்கேன்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் போய், அது இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது.

அன்றே கீழ் ஓட்டைகளைத் திறந்துவிட்டாள். ஸ்பாஞ்சையும் பிடுங்கினாள். வெளியே வரும்போது மேனேஜரம்மா எதிர்ப்பட்டு, "டிரைவர் வண்டில என்னதான்டி கோளாறு?" என்று கேட்டார்.

"ஈரம்தான். வென்ட்டை அடைச்சு வச்சிருக்காங்க" என்றாள். வச்சிருக்கார் என்று சொல்லாமல் வச்சிருக்காங்க என்று சொன்னதை மரியாதைப் பன்மை என்று மேனேஜர் எடுத்துக்கொண்டார். இவள் திருத்தாமல் வேனுக்கு நடந்தாள்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வென்ட்டில் மறுபடி ஸ்பாஞ்ச். மாமனாருக்கு மூச்சு இழுப்பு கூடியிருந்தது. கூரையக்கா நேராகப் போய் டிரைவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறினாள். அவர் சீட்டுக்குப் பின்னாலேயே நின்று, கடைசி நிறுத்தம்வரை போனாள். பயணிகள் இறங்கியதும் அவர் எஞ்சினை அணைத்தார்.

"மேனேஜரம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்கண்ணே."

"சொன்னா போகச் சொல்லிடுவாங்க."

"சொல்லட்டும். அந்தக் கூரைப் பலகை இன்னும் ஒரு மாசம் தாங்காது. மாமாவும் தாங்கமாட்டாரு."

டிரைவர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்கண்ணாடியையே பார்த்தார். "அவ போனதுக்கப்புறம் எனக்குக் காலைல எழுந்திருக்க முடியாதுக்கா. அலாரம் அடிச்சா அணைச்சிட்டுப் படுத்திருப்பேன். வேலை போயிருக்கும். அத்தைதான் தினமும் நாலு மணிக்குப் போன் பண்ணுவாங்க. 'எழுந்தீங்களா மாப்பிள்ளை' அவ்வளவுதான், வச்சிடுவாங்க. ரெண்டு வருஷம், ஒரு நாள் தவறல. அவங்க மகளைப் பறிகொடுத்துட்டு எனக்கு அலாரம் வச்சாங்க. அவங்களை எப்படிப் போங்கன்னு சொல்வேன்?"

"அவங்களைப் போகச் சொல்ல வேணாம். மூணு பேருமா வேற இடம் பார்க்கலாம். மறைச்சு வச்சு அவங்களைக் காப்பாத்த முடியலையேண்ணே."

அவர் எஞ்சினை மறுபடி முடுக்கினார். அடுத்த டிரிப்புக்கு ஆட்கள் ஏற ஆரம்பித்தார்கள். அவள் இறங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அவர் மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டார். மேனேஜர் கத்தவில்லை. கழிவுத் தொட்டி அந்த வரிசைக்குச் சின்னது, ஆள் கூடினால் பொங்கும், விதி அதற்காகத்தான் என்றார். மாதக் கடைசிவரை அவகாசம் கொடுத்தார். பெரியவர்கள் பகலில் தாராளமாக வெளியே வரலாம், துணி காயப்போடலாம் என்றும் சொன்னார். கூரையக்காவைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

"உனக்கு எப்ப தெரியும்?"

"ஒரு வாரமா."

"நான் கேட்டப்ப ஈரம்னியே."

"ஈரம்தான்."

"அது பாதி" என்று சொல்லிவிட்டு, மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் சொன்னது நியாயம்தான் என்பதால் கூரையக்கா எதிர்த்துப் பேசவில்லை. அதன்பின் அந்த வளாகத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வரவில்லை.

பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில், நாலு பேர்வரை தங்கலாம் என்கிற இன்னொரு வளாகத்தில் டிரைவருக்கு இடம் கிடைத்தது. வண்டி அங்கே போய்ச் சேர்ந்ததும் கூரையக்கா உள்கூரையை முழுதாகப் பிரித்தாள். பெரியவர்கள் அந்த நாட்களில் டிரைவரின் சக ஊழியர் ஒருவர் வீட்டில் இருந்தார்கள். ஊறிப்போன தெர்மாகோலைக் கூடை கூடையாக அள்ளிப் போட்டாள். சட்டங்களைத் துடைத்து, ஒன்பது நாள் காற்றாட விட்டாள். புதுப் பலகைகளை இடைவெளி இல்லாமல் வெட்டி வைத்து, இந்தத் தடவை சட்டங்களின் மேலும் ஒரு பட்டை ஒட்டினாள். வெட்டுகிற வேலைக்கு மாமியார் வந்துவிட்டார். கூரையக்கா அளவு சொல்வாள், அவர் ஒரே இழுப்பில் வெட்டிக் கொடுப்பார். இவள் வெட்டிய இரண்டு பலகைகளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஓரமாக வைத்தார். வென்ட்டுக்கு மழை உள்ளே வராத குடை மூடியும், சின்ன மின்விசிறியும் போட்டார்கள்.

மாமனாருக்கு இருமல் முழுதாகப் போகவில்லை. பாதி குறைந்திருந்தது, மீதிக்குக் கோடைவரை பொறுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆவி பிடிப்பதானால் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துதான் பிடிக்க வேண்டும் என்பது மாமியார் போட்ட புதுச் சட்டம். விசிறி ஓடினால் கால் ஜில்லிடுகிறது என்று மாமியாரும், அதை அணைக்கக்கூடாது என்று மாப்பிள்ளையும் தினமும் வாதாடினார்கள். மூன்று மாதம் ஒருவருக்கொருவர் குசுகுசுவென்றே பேசிப் பழகியவர்கள் இப்போது பக்கத்து வண்டிக்குக் கேட்கும்படி சண்டை போட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம் கூரையக்காவின் போன் அடித்தது. மேனேஜரம்மா.

"பன்னண்டாம் நம்பர் வண்டில படுக்கைக்கு மேல சொட்டுதாம். கூரைல ஓட்டைன்னு அவங்க சொல்றாங்க."

"எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்டாள் கூரையக்கா. கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேர். நான் போய் எண்ணிட்டேன்" என்றார் மேனேஜர். குரலில் இன்னும் பழைய இளக்கம் வரவில்லை. "நாளைக்குக் காலைல வர்றியா?"

"வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு, மீட்டருக்குப் புது பேட்டரி வாங்கக் கடைக்குக் கிளம்பினாள்.