ஐந்து கோப்பைகளும் ஒரு தும்புத்தடியும்

சமையலறை மேசையில் ஐந்து தேநீர்க் கோப்பைகள் அரைவட்டமாக இருந்தன. ஒன்றிலும் தேநீர் இல்லை. அவற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு வேணுகா இத்தாலிய மொழியில் மிகவும் பணிவாக வாதாடிக்கொண்டிருந்தாள். "உங்கள் கருத்தை மதிக்கிறேன், ஆனாலும்..." என்று பிடி உடைந்த கோப்பையிடம் சொல்லிவிட்டு, அது பதில் சொல்லக் கொஞ்ச நேரம் விட்டாள்.

பைத்தியம் இல்லை, பாவம், வேறு வழி இல்லை. அன்று மத்தியானம்தான் மிலானோவிலுள்ள ஒரு காப்புறுதி நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அசெஸ்மென்ட் சென்டர். பெயரைக் கேட்டு எங்கேயோ பயணம் போகவேண்டும் என்று நினைக்கக்கூடாது. எல்லாம் வீட்டிலிருந்தபடி மடிக்கணினியில்தான். ஆறு பேரை ஒரே திரையில் சேர்த்து, ஒரு பிரச்சினையைக் கொடுத்துக் கலந்து பேசச் சொல்வார்கள். யார் நன்றாகப் பேசுகிறார், யார் மற்றவரைப் பேச விடுகிறார் என்று பார்த்து ஆள் எடுப்பார்கள். பலெர்மோவில் பட்டம் முடித்துவிட்டு இரண்டு வருடமாகத் துணிக்கடையில் சட்டை மடித்துக்கொண்டிருந்தவளுக்கு வந்த முதல் அழைப்பு அது. அன்று புதன்கிழமை.

"அம்மா, ஆக்களோடை கதைச்சுப் பழகினாத்தான் சரிவரும். மேல்வீட்டு நிதர்சன் அண்ணாவைக் கேக்கட்டே? அவரும் என்ரை பாடம்தான் படிச்சவர்."

வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த வதனி செருப்பை மாட்டாமலே திரும்பி வந்தாள்.

"உனக்கென்ன விசரே? அவன்ரை தாய் கனகம்மாக்கான்ரை காதிலை விழுந்தா ஞாயிற்றுக்கிழமை கோயில் முழுக்கத் தெரியும். கண்பட்டுப் போகும் பிள்ளை. ஒருத்தரிட்டையும் மூச்சுக் காட்டாதை. சரிவந்தாப் பிறகு எல்லாருக்கும் சொல்லுவம்."

வதனி கெட்டவள் இல்லை. வன்னியில் கணவனைப் பறிகொடுத்து, மகளோடு பலெர்மோவின் கால்சாப் பகுதிக்கு வந்து, பத்து வருடமாக ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டைத் துடைத்துப் பிள்ளையைப் படிப்பித்தவள். ஆனால் போன வருடம் வேணுகாவின் கலியாணப் பேச்சைக் கோயிலில் வாய்விட்டுச் சொன்னாள். அடுத்த கிழமையே அது குழம்பிப் போனது. மாப்பிள்ளை வீட்டார் கேட்ட சீதனம் அவளிடம் இல்லை என்பதுதான் காரணம். பழியோ ஊராரின் கண்ணுக்குப் போனது.

ஆக, வேணுகாவுக்குக் கோப்பைகள்தான் துணை. கூடப்படித்த இத்தாலியப் பிள்ளைகளெல்லாம் வேலை தேடி வடக்கே போய்விட்டார்கள். வியாழன் முழுவதும் கடைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தாள். கோப்பைகள் இடைமறிக்கவில்லை, எதிர்த்துப் பேசவில்லை, சிரிக்கவுமில்லை. நல்லாச் செய்கிறாய் என்று ஒரு குரல் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு குரல் இல்லாமல், பின்னேரம் அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மேல்வீட்டில் கதிரைகளை இழுக்கும் சத்தம் காலையிலிருந்து கேட்டபடி இருந்தது. மனிதர்கள் அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் தான் தனியே கிடப்பது அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அழுத முகத்தைக் கழுவிவிட்டுப் பால் வாங்க இறங்கியபோது படிக்கட்டில் நிதர்சன் எதிர்ப்பட்டான். கையில் புது வெள்ளைச் சட்டை, உறை பிரிக்காமல்.

"என்ன அண்ணா, புதுச் சட்டை?"

"அது... ஒரு கலியாணவீடு. நீர் கடைக்குப் போகேல்லையே?"

"தலையிடி."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பொய்யைச் சொல்லிவிட்டு, ஒருவர் ஏற ஒருவர் இறங்கினார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வீட்டுக்கும் இன்ரநெற் ஒன்றுதான். இணைப்பு கனகம்மாவின் வீட்டில். கீழே வதனி வீட்டுக்கும் எட்டும். மெலிந்த இணைப்பு அது. மேலே படம் ஓடினால் கீழே படம் நின்றுவிடும். அப்போதெல்லாம் வதனி வீடு கூட்டும் தும்புத்தடியின் முனையால் கூரையில் இரண்டு தட்டுத் தட்டுவாள், மேலே நிறுத்துவார்கள். கனகம்மாவுக்கு வேண்டுமென்றால் தரையில் காலால் இரண்டு உதை. இப்படியே ஐந்து வருடம் சண்டை சச்சரவு இல்லாமல் ஓடியது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் திரையில் ஆறு முகங்கள் வந்தன. வேணுகா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஐந்தாவது முகத்தில் அவள் கண் நிலைகுத்தி நின்றது. வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, பின்னால் கனகம்மா வீட்டுப் பச்சைத் திரைச்சீலை. நிதர்சனும் அவளைப் பார்த்து வாயைத் திறந்தான். திறந்த வாயோடு அந்தப் படம் அப்படியே உறைந்தது. பிறகு எல்லா முகங்களும் உறைந்தன.

"என்ரை சத்தம் கேக்குதோ?" என்று வேணுகா இத்தாலிய மொழியில் திரும்பத் திரும்பக் கேட்டாள். கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்ற வதனிக்கு விளங்கிவிட்டது. ஓடிப்போய்த் தும்புத்தடியை எடுத்துக் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். மேலிருந்து இரண்டு உதை பதிலாக வந்தது. வதனிக்குக் கோபம் வந்தது, நான்கு தட்டினாள். நான்கு உதை விழுந்தது. இப்படிக் கீழே இருந்து தட்டும் மேலே இருந்து உதையுமாகப் பதினைந்து நிமிடம் போயிற்று. கலந்து பேசக் கொடுத்த நேரமும் அவ்வளவுதான்.

வேணுகா படியேறி ஓடினாள். நிதர்சன் இறங்கி ஓடிவந்தான். பாதிப் படியில் நின்றார்கள். அவனுக்கு மேலே கழுத்துப்பட்டி, கீழே வீட்டில் உடுக்கும் சாரம்.

"நீருமோ?"

"ஓம். அம்மா சொல்ல வேண்டாம் எண்டவ."

"எங்கடை அம்மாவும்தான்." அவன் படியிலேயே இருந்துவிட்டான். "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் யூனிவேர்சிற்றி லைப்ரரியிலை போய் இருந்திருப்பன். ரெண்டு நாளா நாலு கதிரையை வைச்சு அதுகளோடை கதைச்சனான், வேணுகா."

"நான் கோப்பையளோடை," என்றாள் அவள். சிரிக்கத்தான் நினைத்தாள். அழுகைதான் வந்தது.

பின்னேரம் நிறுவனத்தின் பதில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வந்தது: குழுப் பயிற்சியில் பங்குபற்றாதவர்களை அடுத்த கட்டத்துக்கு எடுக்க முடியாது, வருந்துகிறோம். அதைப் படித்தபோது நான்கு பேரும் வதனியின் சமையலறையில் இருந்தார்கள். கோப்பைகளில் இப்போது தேநீர் இருந்தது, ஒருவரும் குடிக்கவில்லை.

கனகம்மா மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டு பிள்ளையளுக்கும் ஒண்டா வந்த நல்ல காலம். ஆற்றை கண் பட்டுதோ தெரியேல்லை, வதனி."

மூலையில் சாய்த்திருந்த தும்புத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்த வதனி நிமிர்ந்தாள்.

"எப்பிடி அக்கா கண்படும்? நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே! நீங்கள் எனக்கு ஒளிச்சியள், நான் உங்களுக்கு ஒளிச்சன். என்ரை பிள்ளை கோப்பையோடை கதைக்க, உங்கடை பிள்ளை கதிரையோடை கதைச்சிருக்கு. ஒரு கூரைதான் நடுவிலை. பிள்ளையளின்ரை வாழ்க்கையைக் கெடுத்தது ஊர்க்கண் இல்லை அக்கா, எங்கடை ஒளிப்புத்தான். நல்ல விசயத்தை நாலு பேரிட்டைச் சொன்னாத்தான் நாலு பேர் கைகொடுக்கலாம். இனி என்ரை மகளுக்கு ஒரு கடிதம் வந்தா முதல் உங்கடை கதவைத்தான் வந்து தட்டுவன். கூரையை இல்லை."