நாலாம் பக்கத்துச் சுக்கான்

விடுமுறைக்கு எங்கே போவது என்று தெரியாமல் தவிக்கும் குடும்பத் தலைவர்கள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், "உங்கள் குழந்தையின் கையில் கேப்டனே சுக்கானைக் கொடுப்பார்" என்ற அமர வாக்கியத்தை எழுதியவன் நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, டீ ஆறிக்கொண்டிருந்த வேளையில், அது என் மூலமாக இந்த உலகத்துக்கு வந்து சேர்ந்தது. அதுவரை நான் கப்பலில் ஏறியதில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டாலே எனக்குத் தலை சுற்றும்.

உல்லாசக் கப்பல் பயணங்களை விற்கும் கம்பெனி ஒன்றில் விளம்பரப் புத்தகம் எழுதுவது என் வேலை. வழவழப்பான தாளில் பதினாறு பக்கம். குடும்பத்தில் ஆளுக்கொரு பக்கம் என்பது எங்கள் கணக்கு. ஏழாம் பக்கம் அம்மாவுக்கு; அதில் யாரும் பாத்திரம் கழுவுவதில்லை. பன்னிரண்டாம் பக்கம் மாமனார் மாமியாருக்கு. அதில் எல்லா மாடிக்கும் லிஃப்ட் உண்டு. பத்தாம் பக்கத்தின் அடியில் அப்பாவுக்கு ஒரு வரி: கார் நிறுத்த இடம் உண்டு. அப்பாவிடம் நாங்கள் எதையும் விற்பதில்லை. அவர் கையெழுத்துப் போடுகிறவர், அவ்வளவுதான். விற்பதெல்லாம் நாலாம் பக்கத்தில், குழந்தையிடம். அதனால்தான் பெரிய கடைகளில் எங்கள் புத்தகத்தை முழங்கால் உயரத்தில் அடுக்கி வைக்கச் சொல்கிறோம். பெரியவர்கள் குனிய மாட்டார்கள். குழந்தைகள் குனிய வேண்டியதே இல்லை.

ஆனாலும் அப்பாக்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. கையெழுத்துப் போட்ட பிறகு, புறப்படுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, மெல்ல ரத்து செய்யப் பார்ப்பார்கள். லீவு கிடைக்கவில்லை, முதுகு வலி, மழை வரும்போலிருக்கிறது. இதற்கும் மருந்து கண்டுபிடித்தவன் அடியேன்தான். முப்பது கட்டம் போட்ட அட்டை, கூடவே முப்பது குட்டிக் கப்பல் ஸ்டிக்கர். ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு, குழந்தை நாளுக்கு ஒரு கப்பலை ஒட்ட வேண்டியது. பதினைந்து கப்பல் ஒட்டிய அட்டைக்கு முன்னால் நின்று, "போக வேண்டாம் கண்ணு" என்று சொல்லும் ஆண்மகன் இன்னும் பிறக்கவில்லை. ரத்து பாதியாகக் குறைந்தது. அந்த வருட ஆண்டு விழாவில் எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அது ஓடவில்லை. அது வேறு விஷயம்.

இப்பேர்ப்பட்ட மேதை செய்த காரியத்தைக் கேளுங்கள். ஸ்டிக்கரை உரித்தால் ஃப்ரிட்ஜில் பசை ஒட்டிக்கொள்கிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்க்கலாமே என்று ஒரு அட்டையை வீட்டுக்கு எடுத்து வந்து, எங்கள் ஃப்ரிட்ஜிலேயே ஒட்டி, முதல் கட்டத்தில் ஒரு கப்பலையும் ஒட்டிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் திரும்பினால் என் மகள் வாசலிலேயே நிற்கிறாள். எட்டு வயது. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

"இன்னும் இருபத்தொம்பது நாள்," என்றாள்.

"எதுக்கு?"

"அதை நீதான் ஒட்டியிருக்கே. எங்கிட்ட கேக்கறே?"

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணில் பல வருடங்களாக நான் பார்க்காத சந்தோஷம்.

"அது சும்மா, பசை டெஸ்ட் பண்றதுக்கு," என்று அவளிடம் கிசுகிசுத்தேன்.

"அப்படியா? போய் அதை அவகிட்ட சொல்லுங்க. நான் இங்கேயே நின்னு பாக்கறேன்."

போனேன். அதற்குள் வக்கீல் மறுநாளுக்கான கப்பலை முன்கூட்டியே ஒட்டிக்கொண்டிருந்தாள், ஓரம் கோணாமல், நாக்கை லேசாக நீட்டியபடி. மூன்று நிமிடம் நின்றுவிட்டு, தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

"டெஸ்ட்ல என்ன தெரிஞ்சுது?" என்றாள் மனைவி.

"பசை கெட்டியாத்தான் இருக்கு."

அதோடு விட்டிருந்தால் கவலையில்லை. அன்றைக்கே அவள் விளம்பரப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாலாம் பக்கம்.

"அப்பா, நிஜமாவே கேப்டன் கையில குடுப்பாரா?"

"புத்தகத்துலயே போட்டிருக்கே."

"புத்தகத்தை எழுதினது நீதானே?"

"ஆமா."

"அப்ப சரி," என்றாள்.

அந்த "அப்ப சரி"யை நான் தூக்கிச் சுமந்த மாதிரி வேறு எதையும் சுமந்ததில்லை. அடுத்த வாரமே அவள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் கப்பல் ஓட்டப் போறேன், எங்கப்பாதான் எழுதியிருக்கார், எங்கப்பா எழுதினா சரியாத்தான் இருக்கும். சாப்பாட்டுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பழக ஆரம்பித்தாள். "சோத்தை மொதல்ல காலி பண்ணிட்டு ஓட்டு கேப்டன்," என்பாள் அவள் அம்மா.

அவள் தட்டைத் திருப்ப ஆரம்பித்த மறுநாளே கப்பல் பிரிவுக்கு ஃபோன் போட்டேன். எடுத்த அம்மாள் பல வருட அனுபவசாலி, குரலிலேயே தெரிந்தது.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். கேப்டன் குழந்தைங்க கையில சுக்கானைக் குடுப்பாரா?"

"சார், கேப்டன் கைக்கே சுக்கான் கிடையாது. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குச்சி இருக்கு, அதைத்தான் அசைப்பாரு. அந்த ரூமுக்குள்ள வெளியாள் யாரையும் விடவும் மாட்டாங்க. எந்த முட்டாள் சார் இதை எழுதினது?"

"விசாரிக்கறேன் மேடம்."

"விசாரிச்சு எங்கிட்ட பிடிச்சுக் குடுங்க. குழந்தைங்க கேட்டு உயிரை எடுக்குதுங்கன்னு இப்ப ஏதோ ஏற்பாடு பண்ணி வச்சிருக்கோம்."

ஏற்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. என்ன ஏற்பாடு என்று கேட்கவில்லை. நல்ல செய்தியை நான் குடைவதில்லை.

லீவு கேட்டு மேனேஜரிடம் போனேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வயசுக்காக அவர் என்னை சார் என்பார், பதவிக்காக நான் அவரை சார் என்பேன். "போய் அனுபவிச்சுட்டு வாங்க சார். எழுத உதவியா இருக்கும்," என்றார். பதினோரு வருடமாக அந்த உதவி இல்லாமலேதான் எழுதினேன் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

கப்பலில் ஏறினோம். அறைக்குள் போனதும் என் மனைவி நேராக ஜன்னல் திரையை விலக்கினாள்.

"என்னங்க, திரைக்குப் பின்னாடி சுவரு."

"இது உள்பக்கத்து அறை."

"'கண் விழித்தால் கடல்'னு போட்டிருந்துச்சே."

"கதவைத் திறந்து ஒரு பத்து நிமிஷம் நடந்தா கடல்தான்."

"அதுவரைக்கும் கண்ணை மூடிட்டே நடக்கணுமா?"

ஏழாம் பக்கமும் நான்தான் எழுதினேன். நல்லவேளை, பத்தாம் பக்கத்தில் நான் ஏமாறவில்லை. கார் நிறுத்த உண்மையிலேயே இடம் இருந்தது.

முதல் இரண்டு நாள் நான் படுத்த படுக்கை. மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு, ஏழாவது மாடியில், "கேப்டனோடு ஒரு சந்திப்பு". வக்கீல் ஆறு மணிக்கே எழுந்து தலை வாரிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஐஸ்கிரீம் மெஷினுக்கும் ஃபோட்டோ கடைக்கும் நடுவில் வரிசை நின்றது. நானும் ஒரு கையில் பிளாஸ்டிக் பையோடு, முன்னெச்சரிக்கையாக, நின்றேன்.

வரிசையின் கோடியில் ஒட்டுப்பலகையில் செய்த சுக்கான் ஒன்று இருந்தது. பித்தளை நிறத்தில் பெயிண்ட். பின்னால் சுவரில் கடல் படம். பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர்.

வக்கீல் அவரை உற்றுப் பார்த்தாள். "அங்கிள், காலையில எங்களுக்கு ஜூஸ் ஊத்தினது நீங்கதானே?"

"அது என் தம்பி பாப்பா."

"அவர் சட்டையிலயும் இதே எடத்துல கறை இருந்துச்சே."

அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு, "பிடிச்சுக்கோ பாப்பா," என்றார்.

பிடித்தாள். தட்டில் பழகின மாதிரியே, இரண்டு கையாலும், மெதுவாக இடப்பக்கம் திருப்பினாள். பிறகு ஓரத்து ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள். கடல் இருந்தபடியே இருந்தது. வலப்பக்கம் முழுசாகத் திருப்பினாள். மறுபடி பார்த்தாள்.

"இது எதோட சேர்ந்திருக்கு அங்கிள்?"

"சுவரோட பாப்பா," என்றார் அந்த மனிதர். மூன்று நாளில் அந்தக் கப்பலில் நான் கேட்ட முதல் நேர்மையான வாக்கியம் அது.

ஃபோட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். மேனேஜரிடம் நான் சிரிப்பது அது.

மேல்தளத்தில் மூன்று பேரும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தோம். அவள் ஐஸ்கிரீம் சாப்பிட்டாள். அழுதிருந்தால் சமாளித்திருப்பேன், அதற்குக் கைவசம் வாக்கியங்கள் உண்டு.

"அந்த வரி நான் சும்மா எழுதினதும்மா," என்றேன் கடைசியில்.

"தெரியும்."

"எப்ப தெரிஞ்சுது?"

"வரிசையில நிக்கும்போது நீ என்னைப் பாக்கவே இல்ல. தரையைப் பாத்துட்டு நின்னே." கோனின் அடிப்பகுதியைக் கடித்துவிட்டுக் கேட்டாள்: "நான் கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேப்பா. இப்ப போய் என்ன சொல்றது?"

அவள் அம்மா என் மேல் இரக்கப்பட்டாள். "அப்பா தெரியாம எழுதிட்டார்னு சொல்லு கண்ணு."

"தெரியாதுன்னு தெரிஞ்சுதானே எழுதினார்?"

கோனை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, தீர்ப்பையும் அவளே சொன்னாள். "அதை மாத்தி எழுது. அச்சடிச்சு வந்ததும் எங்கிட்ட குடு. நான் கிளாஸ்ல காட்டறேன்."

"ஆபீஸ்ல ஒத்துக்கணுமேம்மா."

"நீ கேட்டுப் பாரு. மொதல்ல கேளு."

ஊர் திரும்பிய திங்கட்கிழமை நான் ஆபீசுக்குள் நுழைந்த விதத்தை யாராவது படமெடுத்திருக்க வேண்டும். சட்டைப் பையில் ராஜினாமா கடிதம். உண்மைக்காக வேலையைத் துறந்த எழுத்தாளன் என்று பின்னாளில் பேசுவார்கள் என்று லிஃப்டிலேயே நினைத்துக்கொண்டேன். அதில் இருந்த கண்ணாடியில் முகத்தைக்கூடச் சற்று இறுக்கமாக்கிக்கொண்டேன்.

"சார், நாலாம் பக்கத்து வரியை எடுக்கணும். அது பொய்."

"எடுங்க சார்," என்றார் மேனேஜர், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"காரணம் கேக்கலையா?"

"பக்கத்துல கொஞ்சம் இடம் கிடைச்சா நல்லதுதானே சார்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அந்த வரியைப் படிச்சுத்தான் சார் குழந்தைங்க கப்பலுக்கே வருது."

இப்போது தலையைத் தூக்கினார். "படத்தைப் பாத்துட்டு வருது சார். அங்க ஒரு பெரிய சுக்கான் படம் இருக்குல்ல? அது உங்க வரிக்கு ரெண்டு வருஷம் முன்னாடியிலேந்தே இருக்கு. கீழ காலியா இருக்கேன்னுதான் உங்களை ஏதாவது எழுதச் சொன்னோம்."

ராஜினாமா கடிதத்தைக் கழிவறையில் கிழித்துப் போட்டேன்.

புது வரியை வக்கீல் சொல்லச் சொல்ல, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். "கப்பலில் ஒரு சுக்கான் இருக்கிறது. அது சுவரோடு சேர்ந்தது. திருப்பினால் கப்பல் திரும்பாது. ஐஸ்கிரீம் நன்றாக இருக்கும்." ஒரு இடத்தில் 'இனிய' என்று சேர்க்கப் பார்த்தேன். விடவில்லை.

அச்சாகி வந்ததும் முதல் பிரதியை அவளிடம் கொடுத்தேன். நாலாம் பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு முறை படித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்ப சரி," என்றாள்.

பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனாள். சாயங்காலம் வாசலிலேயே காத்திருந்து கேட்டேன், என்ன சொன்னார்கள் என்று.

"ஐஸ்கிரீம் எவ்வளவு கேட்டாலும் குடுப்பாங்களான்னு கேட்டாங்க."

புதிய புத்தகம் வெளிவந்து ஐந்து மாதம் ஆகிறது. நாலாம் பக்கத்தைப் பற்றி இதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த விடுமுறைக்கு எல்லா அறைகளும் நிரம்பிவிட்டன.