சுதந்திரத்துக்கு ஒரு பாடத்திட்டம்

வத்ஸலாவின் மேஜையில் ஏழு கட்டுரைகள் கிடந்தன. எல்லாம் இணையத்திலிருந்து இறக்கி, துறை பிரிண்டரில் மை தீரத் தீர அச்சடித்தவை. 'கட்டற்ற மென்பொருளின் தத்துவம்' என்ற விருப்பப் பாடத்துக்கு அவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்து மதியத்துக்குள் தாளாளரிடம் கொடுக்க வேண்டும். இந்தப் பாடம் வேண்டுமென்று இரண்டு வருஷமாக நச்சரித்தவள் அவள்தான். அப்போதெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்த கோரிக்கை, சென்னைக் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்த வாரம் பார்த்து உயிர்பெற்று எழுந்து உட்கார்ந்தது.

திருப்புட்குழி தாண்டி இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில், வேலைக்குச் சேரும் அன்றே ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டிவிடுவார்கள். 'வீட்டைவிட இங்கே பத்திரமாக இருக்கும்' என்று வத்ஸலாவும் சிரித்துக்கொண்டுதான் நீட்டியிருந்தாள். புத்தி அவ்வளவுதான். இப்போது சென்னையில் திங்கட்கிழமை சேர வேண்டும், அசல் இல்லாமல் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். போய்க் கேட்டபோது தாளாளர் பூவராகவன் கோபிக்கவே இல்லை. காபி வரவழைத்துக் கொடுத்தார்.

"நீ கேட்ட கோர்ஸ்தானேம்மா? பசங்கள நடுவுல உட்டுட்டுப் போவலாமா? வருஷத்த முடி, கையில குடுத்துடறேன்."

கோபித்திருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை கத்தியாவது இருக்கலாம்.

ஏழில் ஆறு சாதுவானவை. ஏழாவதுதான் வம்பு பிடித்தது. ஒரு மென்பொருள் கைக்கு வந்தால் அதைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம், பிடிக்காவிட்டால் எடுத்துக்கொண்டு தன் வழியே போகலாம். அந்த வழியை அடைக்கிறவன் எவ்வளவு அன்பானவனாக இருந்தாலும் எஜமானன்தான் என்றது அது. வத்ஸலாவுக்கு முகம் சுட்டது. வகுப்பில் நின்று இதை எந்த வாயால் நடத்துவது? அவள் கதை பையன்களுக்குத் தெரியாதா என்ன!

"அத எடுத்துடுங்க மேடம்," என்றார் லேபைப் பார்த்துக்கொள்ளும் சிட்டிபாபு. "நீங்க நடத்தச்சொல்ல பசங்க உங்க மூஞ்சியவே பாத்துக்கினு இருப்பானுங்க."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். வந்த ரோஷத்தில் அவள் அதையே முதல் கட்டுரையாக வைத்தாள்.

பூவராகவன் மூன்றையும் புரட்டினார், தடிமன் பார்த்தார், திருப்தியானார். "நல்லா இருக்குதும்மா. வேற காலேஜ்காரன் கைக்குப் போவக் கூடாது." ஒவ்வொன்றின் தலையிலும் 'கல்லூரியின் உடைமை, நகலெடுக்கக் கூடாது' என்று முத்திரை குத்தினார்.

"சார், யார் வேணும்னாலும் காப்பி எடுத்துக்கலாம்னு அதுலயே எழுதியிருக்கு."

"எழுதறவன் ஆயிரம் எழுதுவாம்மா," என்றபடி பீரோவைத் திறந்தார். அதற்குள் ஃபோன் அடித்தது. "உள்ள வெச்சிடு" என்று கை காட்டிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு, புதுக் கட்டடத்துக்கு வராத செங்கல் லாரிக்காரனை ஏச ஆரம்பித்தார்.

நடுத்தட்டில் பழுப்பு உறைகள் அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு பெயர். தன் பெயரைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரமாகவில்லை. கட்டுரைகளை அதன் மேலேயே வைத்தாள். கை மட்டும் திரும்பி வர மறுத்தது. தன் பெயர் போட்டதைத் தானே எடுத்தால் திருட்டா? வாசலில் பியூன் நின்றுகொண்டிருந்தான். எடுத்து எங்கே மறைப்பது, புடவைத் தலைப்பிலா? பயந்துகொண்டே உறையின் நுனியைப் பிடித்தாள்.

"வெச்சிட்டியாம்மா?" என்றார் அவர், திரும்பாமலே.

"இதோ ஆச்சு சார்."

கட்டுரைகள் சரிந்துவிடாமல் ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறுகையால் இழுத்தாள். உறை பாதி வெளியே வந்திருந்தது. பின்னால், ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது.