பச்சை எரிந்த வளைவு

மார்கழி விடியலில் ஐந்தருவிச் சாலை எந்த இடத்தில் வழுக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்லத்தான் இளம் பொறியாளர் சங்கரபாண்டி ஒரு கருவி செய்து வளைவில் பதித்திருந்தார். தாரோடு தாராக இரண்டு செப்புப் பட்டைகள். சாலை நனைந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்சாரம் பாய்ந்து, மேட்டுக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். காய்ந்திருந்தால் பச்சை. எண்பத்திரண்டில் அது தென்காசி வட்டாரத்துக்கே அதிசயம்.

போன சனிக்கிழமை காலை ஆதம் ஓட்டி வந்த பஸ் அந்த வளைவில் சறுக்கிப் பாலச்சுவரில் மோதியது. பஸ்ஸில் வந்த கடையத்து அம்மாள் ஒருத்திக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

பச்சை எரிந்ததென்று ஆதம் சாதித்தார். மதியமே சங்கரபாண்டி போய்த் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். சிவப்பு பளிச்சென்று எரிந்தது. கருவியில் பிழை இல்லை என்று பஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட்டார். அப்படியானால் பொய் சொல்பவர் ஆதம்தான். வேலை போய்விடும்.

இந்தச் சனிக்கிழமை பஸ் கம்பெனி மேனேஜர் பஞ்சாபகேசனே நேரில் பார்த்து முடிவுசெய்ய வந்திருந்தார்.

"ஏன் ஓய், மச்சான் கூப்பிட்டப்பவே துபாய்க்குப் போயிருந்தா இந்த வம்பு உண்டா?"

"அங்கன ரோடு நனையாது சார். விளக்கும் பொய் சொல்லாது" என்றார் ஆதம்.

சங்கரபாண்டிக்குச் சுருக்கென்றது. எப்போதும்போல் பழந்துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக் குனிந்து பட்டையைத் துடைத்தார். துடைக்காமல் அவர் எந்தச் சோதனையும் செய்ததில்லை. அருவிக்குப் போகிறவர்கள், தலையிலிருந்து கால்வரை எண்ணெய் வழிய, வேடிக்கை பார்த்தபடி கடந்தார்கள்.

"ஏலே, ரோட்டுக்கும் ஆபீசர் எண்ணெய் தேய்ச்சு விடுதாருலே!"

சிரிப்பு கேட்டது. சங்கரபாண்டி சிரிக்கவில்லை. துணியைத் திருப்பிப் பார்த்தார். பிசுபிசுப்பு. மண்ணெண்ணெய் நெடியையும் மீறி நல்லெண்ணெய் வாசனை. சனிக்கிழமை, எண்ணெய்க்குளியல் நாள். எண்ணெய் படிந்த பட்டையில் மின்சாரம் பாயாது. ஒரு பட்டைதான் துடைத்திருக்கிறார். அடுத்ததையும் துடைத்தால் சிவப்பு எரியும். ஆதமின் கதை முடியும். கருவியை மலைப்பாதை முழுக்கப் பதிப்பார்கள். துடைத்துத் துடைத்துத்தானே போன வாரமும் அந்த மனிதரைப் பொய்யராக்கினோம்?

துணியை ஓரமாக எறிந்தார்.

"ஆதம் பாய், தண்ணியைத் தெளிங்க."

"இன்னொண்ணு துடைக்கலியே சார்?"

"வேண்டாம். அப்படியே தெளிங்க."

தெளித்த தண்ணீர் துடைக்காத பட்டையில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டது. சாலை கறுத்துப் பளபளத்தது. கம்பத்தில் பச்சை அசையாமல் எரிந்தது.

"என்ன ஓய் இது?" பஞ்சாபகேசன் குரல் இறங்கிவிட்டது. "இத்தனை நாளும் இதை நம்பியா பஸ் விட்டேன்?"

பதில் சொல்லுமுன் மேலிருந்து ஹாரன் கேட்டது. பழனி ஊர்க்காரர்கள் நிறைந்த டூரிஸ்ட் பஸ், பச்சையைப் பார்த்த தைரியத்தில் வேகம் குறையாமல் இறங்கியது. சங்கரபாண்டி கம்பத்துக்கு ஓடி ஒயரைப் பிடுங்கினார். விளக்கு அணைந்ததும் டிரைவருக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். பிரேக்கை விட்டு விட்டு அழுத்தி, ஊர்ந்து வந்து வளைவைக் கடந்தார்.

"சார்," என்றார் ஆதம், "அந்தம்மா ஆஸ்பத்திரியில கெடக்கு. நான் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுனேன்னு அது மக்கமாரு நெனச்சிக்கிட்டிருக்காவ."

"நான் வந்து சொல்லுதேன் பாய்."

"எப்போ?"

சங்கரபாண்டி கையிலிருந்த ஒயரைக் கீழே போட்டார்.

"இப்பவே. வாங்க."