ஆளுக்கு ஒரு சாண்

இன்றைக்குள் பள்ளிச் சுவர் மகளின் அடுப்பைத் தொட்டுவிடும் என்று தையல் டீச்சர் நினைத்தாள். அதில் புதிதாக என்ன இருக்கிறது? ஓர் ஆள் சேர்ந்தால் பள்ளி ஒரு சாண் வளரும் என்பது தெருவுக்கே தெரியும்.

பிழைக்க வந்து, கடையில் உப்புக் கேட்கக்கூட இந்த ஊர்ப் பேச்சு தெரியாமல் கைகாட்டி நின்றவர்களுக்காக, தன் வீட்டு முன்னறையில் ஒற்றைத் தையல் மிஷினோடு அவள் ஆரம்பித்த பள்ளி அது. அங்கே ஒரே சட்டம்: பேர் சொல்லிக் கேட்டால்தான் கருவி கைக்கு வரும். அதனால் தொழிலும் பேச்சும் சேர்ந்தே ஒட்டிக்கொண்டன. வயரிங் படித்த ஒருவன் டாக்டரிடம் போய், "நெஞ்சுல லூஸ் கனெக்‌ஷன் சார், அப்பப்ப கட் ஆகுது" என்றான். டாக்டருக்கும் சரியாகவே புரிந்தது. நூல்கண்டு விலை ஏறிய வருஷம் பள்ளி கிழக்கே நீண்டு வெல்டிங் கூடம் வந்தது. மகளுக்குக் கல்யாணமான வருஷம் மாடி முளைத்தது. மாப்பிள்ளை அங்கே பிளம்பிங் படித்தவன்தான். அங்கே கற்ற பேச்சில்தான் பெண் கேட்டான். இருவரும் அடுத்த வீட்டிலேயே குடியேறினார்கள்.

செயலாளராக இருந்த டீச்சரின் தம்பி, ஒரே ஒரு முறை, வாசலில் வந்து நின்றவரிடம் "இடமில்லீங்க" என்று சொல்லிவிட்டான். அவன் வாய் மூடுவதற்குள் வயரிங் அறை இல்லாமல் போனது. எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்ததால் உள்ளே யாரும் இல்லை. ஆனால் அந்த அறையில் படித்தவர்களெல்லாம், எங்கே இருந்தாலும், அந்த நொடியே இந்த ஊர்ப் பேச்சை மறந்தார்கள். கம்பத்தின் மேல் இருந்த ஒருவன், "தொடாதே, கரண்ட் இருக்கு" என்று கீழே இருந்தவர்கள் அலறியது புரியாமல், அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கம்பியைத் தொட்டான். ஒரு கை போனதோடு பிழைத்தான்.

இப்போது கேட்டுக்கு வெளியே, பள்ளியில் சேர வந்த ஒரு பெண் நின்றாள். மகள் கரண்டியோடு ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"நேத்து ஜன்னல் போச்சு. இன்னிக்கு சமையல்கட்டு. நாளைக்கு எங்களை ரோட்டுல நிக்க வைக்கப் போறியா? இடமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லேம்மா."

"எந்த ரூம் போகும்னு தெரியாதேடி."

"எது போனா என்ன? எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு வீடுதான்."

வீட்டுக்குள் மாப்பிள்ளை போனில் பேசுவது கேட்டது: "இடப்பக்கம் இல்லண்ணே, வலப்பக்கம் திருகுங்க. ஆங், இப்ப தண்ணி நிக்கும் பாருங்க."

மகளுக்கும் அது கேட்டது. அவள் கண் ஒருமுறை வீட்டுப் பக்கம் போய் வந்தது. ஆனாலும் அம்மாவின் கையை விடவில்லை.

என்னைவிட உனக்குப் பள்ளிதான் பெரிசா என்று மகள் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்றுதான் டீச்சர் பயந்தாள்.

"சொல்லும்மா."

"மாட்டேன்டி கண்ணு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு டீச்சர் கேட்டைத் திறந்தாள். பக்கத்து வீட்டில் பாத்திரங்கள் சரிந்தன. மகள் சத்தம் வந்த திசையைப் பார்த்துவிட்டு, மிச்சத்தை எடுத்துவைக்கப் போனாள்.