தொழுவத்தில் சொல்ல வேண்டியது

மோகனரங்கன் ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். காக்ஸ் டவுன் பால் பூத்தில் வழக்கம்போல் இரண்டு பாக்கெட் வாங்கி வந்து ஒன்றைக் காய்ச்சினான். மற்றது ஃபிரிட்ஜில் கிடந்து கெட்டுப்போகும். மனைவி வத்சலா இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. பூத்துக்கார லட்சுமம்மாவிடம் மட்டும், அவள் ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தான்.

நாற்பது வீடுகள் கொண்ட ஒரு ஜெர்மன் உழவர் கிராமத்தின் வரலாற்றை வத்சலா மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாள்களை இன்றுதான் பிரித்தான். அவள் கடைசியாக எழுதிய பக்கத்தில் அவ்வூர் வழக்கம் ஒன்று இருந்தது. வீட்டில் சாவு விழுந்தால், எஞ்சியவர் தொழுவத்துக்குப் போய் ஒவ்வொரு மாட்டிடமும் அதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பால் வற்றிவிடும். போர்க்காலத்தில் ஒருவன் மனைவி இறந்ததைச் சொல்லாமலே பன்னிரண்டு நாள் பால் கறந்தானாம். பதின்மூன்றாம் நாள் சொன்னானாம்.

மோகனரங்கன் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடியும் பூத்துக்குப் போனான்.

“என்ன சார், பால் திரிஞ்சிருச்சா?”

“இல்லம்மா. நாளையிலேருந்து ஒரு பாக்கெட் போதும். வத்சலா தவறிட்டா.”

“அய்யோ தேவ்ரே! ஊருக்குன்னு சொன்னியே சார்?”

“பொய் சொன்னேன்.”

லட்சுமம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “கடைசியா எதுனா சொல்லிச்சா?”

அவள் இறந்த அன்று அவன் வழக்கம்போல் ஆபீசுக்குக் கிளம்பினான். மதியம் அவள் மேஜையிலேயே சரிந்து போயிருந்தாள். காலையில், எழுதுவதிலிருந்து தலை நிமிராமல் சொன்னதுதான் கடைசி.

“நீல ரீஃபில் ரெண்டு வாங்கிட்டு வாங்க. இன்னும் நாலு பக்கம்தான்.”