அபினாவின் உறக்கம்

கடியப்பட்டணத்தில் பூட்டிக் கிடந்த ஆன்றோவின் வீட்டுக்குள் அவனுடைய மூன்று வயது மகளின் உறக்கம் தனியாகக் கிடக்கிற சேதி, அன்றைய மீன் விலையைப் போல விடிந்ததுமே கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. பிள்ளை அங்கே இல்லை. அவள் மணவாளக்குறிச்சியில் வாடகை வீட்டுத் தரையில், மூடாத கண்களோடு உட்கார்ந்திருந்தாள்.

கடல் அடுக்களை வரைக்கும் வந்துவிட்டதால்தான் ஆன்றோவும் மனைவி ரெஜிஷாவும் வீட்டை விட்டார்கள். எல்லாம் முறைப்படியே நடந்தது. திருஇருதயப் படம் முதலில் போனது, பிறகு மந்திரித்த உப்பு, அதற்குப் பிறகே கட்டிலும் பாத்திரமும். ஒன்றில் மட்டும் பிசகிவிட்டது. அந்தக் கரையில் உறங்கும் பிள்ளையை வீடு மாற்ற மாட்டார்கள். எழுப்பி, நெற்றியில் சிலுவை வரைந்து, வாசல்படியைத் தொட்டு விடைபெற வைத்த பிறகே தூக்குவார்கள். அபினாவோ பொம்மைப் பெட்டியைக் கட்டியதற்காகக் காலையெல்லாம் அழுது அடம்பிடித்து, டெம்போ கிளம்பும் நேரத்தில்தான் கண்ணயர்ந்தாள். அப்படி உறங்கிய பிள்ளையை எழுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? ரெஜிஷா அப்படியே தோளில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டாள்.

பக்கத்து வீட்டு குளோரி, காணாமல்போன கோழியைத் தேடிப் போனபோதுதான் பூட்டிய கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. மூக்கடைத்த பிள்ளையின் மெல்லிய விசில் மூச்சு. ஜன்னல் வழியே பார்த்தாள். தொட்டில் தொங்கிய இடத்தில் கடல் கொண்டுவந்த மணல் மெல்ல உயர்ந்து தாழ்ந்துகொண்டிருந்தது. குளோரி கோழியை மறந்துவிட்டு ரெஜிஷாவுக்குப் போன் போட்டாள்.

“ஏட்டி, பிள்ளைய ஒறக்கத்திலயா தூக்கிட்டுப் போன?”

“அழுது அழுது அப்பதான் ஒறங்கிச்சு அக்கா. எழுப்ப மனசு வரல்ல.”

நாகர்கோவிலில் ஒரு டாக்டர் உறங்க மருந்து எழுதினார். மருந்து கொடுத்த நாட்களில் பழைய வீட்டுக்குள் குறட்டை கூடியதே தவிர, அபினா கண்ணை மூடவில்லை. சாப்பிட்டாள், விளையாடினாள், சிரித்தாள். கேட்டால், “எனக்க ஒறக்கம் அங்கல்லா கெடக்கு” என்பாள். அந்தத் திறந்த கண்களைப் பார்க்க ரெஜிஷாவுக்குப் பயமாக இருந்தது, பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்று அழுகையும் வந்தது.

முறைப்படி எழுப்பிக் கூட்டி வந்துவிடலாம் என்று பிள்ளையைப் பழைய வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மணலில் கிடத்தியதும் உறங்கிவிட்டாள். ரெஜிஷா பக்கத்தில் இருந்து ஆசைதீரப் பார்த்தாள். பிறகு எழுப்பி, நெற்றியில் சிலுவை வரைந்து, வாசலுக்கு நடத்தினாள். தொடுவதற்குப் படி இல்லை. அவர்கள் உள்ளே இருந்த நேரத்தில் அலை அதைக் கொண்டுபோயிருந்தது. அபினா வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடல் சீறும் அந்த ஆடி மாதத்திலேயே வீடும் போயிற்று. உறக்கமும் அதோடு போய்விட்டது என்று ரெஜிஷா மாரிலடித்துக்கொண்டு அழுதாள்.

கடல் அடங்கி வள்ளங்கள் இறங்கியபோது, வீடு இருந்த இடத்தில் அலை எழும்பாத ஒரு துண்டுத் தண்ணீரை வள்ளக்காரர்கள் பார்த்தார்கள். அது மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. ஆன்றோ பிள்ளையை வள்ளத்தில் வைத்து அங்கே கொண்டுபோனான். அபினா கொட்டாவி விட்டாள்.

இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. விழுந்த முன்பல் முளைத்துவிட்டது. பள்ளி விட்டதும் கடலுக்குப் போய் உறங்கிவிட்டு வருவாள். அந்த இடத்தைக் கடக்கும் வள்ளங்கள் எஞ்சினை அணைத்துத் துடுப்புப் போடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் காரணம் சொல்லிக்கொடுப்பார்கள். தண்ணீருக்கடியிலிருந்து வரும் மூச்சு மட்டும் வளரவில்லை. அது இன்றும் மூக்கடைத்த மூன்று வயதுப் பிள்ளையின் மூச்சுதான். வள்ளம் இறங்காத ஆடியில் மகள் விழித்தே இருப்பாள், தாயும் கூடவே விழித்திருப்பாள். மற்ற நாட்களில், வெயில் சாயும்போது ரெஜிஷா அவளை எழுப்பி, நெற்றியில் சிலுவை வரைந்து, குனிந்து தண்ணீரைத் தொடவைப்பாள். “போயிட்டு வாறேன்” என்பாள் அபினா. அதன் பிறகே ஆன்றோ எஞ்சினைப் போடுவான்.